சூப்பர்சார்ஜருக்கு முன்னால் பெட்ரோல் கணக்கு

கேள்வி: ஐயா, நான் குடியாத்தத்தில் வசிக்கிறேன். வயது 27. அப்பா வாங்கிய 2002-ஆம் ஆண்டு மாருதி எஸ்டீம், எம்பிஎஃப்ஐ, 1,298 சிசி கார் எங்களிடம் இருக்கிறது. சென்ற ஆண்டுதான் ரிங், பேரிங் மாற்றி இன்ஜின் வேலை முடித்தோம். ஜப்பானில் பழைய காரிலிருந்து கழற்றிய ஐசின் ஏஎம்ஆர்500 சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) ஒன்றை வாங்கிவிட்டேன். விற்றவர், 6 பிஎஸ்ஐ பூஸ்ட், அதாவது வெளிக்காற்றுக்கு மேல் அவ்வளவு கூடுதல் அழுத்தம், வரும், சக்தி 40 சதவீதம் கூடும், பெட்ரோலைத் தெளிக்கும் பழைய இன்ஜெக்டரே போதும், பூஸ்ட் ஏற ஏறப் பெட்ரோல் அழுத்தத்தைக் கூட்டும் ரெகுலேட்டர் ஒன்றைப் போட்டால் வேலை முடிந்தது என்கிறார். எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் அது போதாது என்கிறார். எது போதும் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களுடன் ஏலகிரிக்குப் போவது வழக்கம். சரியாக வந்தால் என் மாமாவின் காண்டெஸாவுக்கும் இதே போல் செய்யலாமா என்றும் சொல்லுங்கள்.

பதில்: தம்பி, உங்கள் மெக்கானிக் அண்ணன் சொன்னதுதான் சரி. விற்றவர் சொன்ன ரெகுலேட்டரில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் அந்த ஓரளவை நம்பித்தான் நிறைய இன்ஜின்கள் என் பட்டறை மேசைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. சூப்பர்சார்ஜரை இப்போதைக்கு அட்டைப்பெட்டியிலேயே வைத்திருங்கள். பெல்ட் மாட்டுவது இந்த வேலையின் கடைசிப் படி. முதல் படி பெட்ரோல் டாங்கிலிருந்து தொடங்குகிறது.

முதலில் உங்கள் கார் காற்றை எப்படி அளக்கிறது என்பதைப் பார்ப்போம். உங்கள் எஸ்டீமில் உள்ளே வரும் காற்றை நேரடியாக எடைபோடும் கருவி கிடையாது. காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டில் இருக்கும் அழுத்தத்தை மேப் சென்சார், இன்ஜினை நடத்தும் கணினியான ஈசிஎம்முக்குச் சொல்கிறது. அதையும் இன்ஜின் வேகத்தையும் காற்றின் வெப்பத்தையும் வைத்து, இவ்வளவு காற்று போயிருக்கும் என்று ஈசிஎம் கணக்குப் போட்டு, அதற்கேற்ற நேரம் இன்ஜெக்டரைத் திறந்து வைக்கிறது. கம்பெனியில் பொருத்திய மேப் சென்சார், வெளிக்காற்றின் அழுத்தத்தை விட அதிகமான அழுத்தம் மேனிஃபோல்டில் வரும் என்று எதிர்பார்த்துச் செய்யப்பட்டதல்ல. த்ராட்டில் முழுதும் திறந்திருக்கும்போது வரும் அழுத்தம்தான் அதன் உச்சம். அதைச் சற்றுத் தாண்டிவிட்டால், 2 பிஎஸ்ஐ பூஸ்ட்டும் 6 பிஎஸ்ஐ பூஸ்ட்டும் அதற்கு ஒன்றுதான். ஆகவே சூப்பர்சார்ஜர் கூடுதலாகத் திணிக்கும் காற்று ஈசிஎம்மின் கணக்கில் ஏறுவதே இல்லை. காற்று கூடுகிறது, பெட்ரோல் பழைய அளவிலேயே நிற்கிறது. நாம் லீன் என்று சொல்லும், பெட்ரோல் குறைந்த கலவை இப்படித்தான் உருவாகிறது.

சாதாரண இன்ஜினில் கலவை லீன் ஆனால் வண்டி இழுக்காது, துள்ளும், ஓட்டுபவர் காலை எடுத்துவிடுவார். பூஸ்ட்டில் ஓடும் இன்ஜின் அப்படி முன்கூட்டிச் சொல்லாது. சற்று லீனான கலவையில் அது இன்னும் விறுவிறுப்பாக இழுப்பது போலவே தோன்றும். உள்ளே வெப்பம் ஏறி, ஸ்பார்க் வைத்த தீ போய்ச் சேரும் முன்பே மூலையில் இருக்கும் கலவை தானாக வெடிக்கும். அதுதான் நாக்கிங். ஜன்னலை இறக்கிவிட்டு, பாட்டும் போட்டுக்கொண்டு நெடுஞ்சாலையில் போகிறவருக்கு அந்தச் சத்தம் கேட்காது. அலுமினிய பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளங்களுக்கு இடையில் இருக்கும் மெல்லிய வளையப் பகுதிதான் முதலில் உடையும்.

இதை நான் ஒரு மாருதி ஜிப்ஸியில் கற்றுக்கொண்டேன், அதுவும் வாடிக்கையாளரின் வண்டியில். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு ஒரு டிசம்பர் மாதத்தில் சூப்பர்சார்ஜர் பொருத்தி, பட்டறையிலும் காட்பாடி சாலையிலும் ஓட்டிப் பார்த்து, எல்லாம் சரி என்று வண்டியைக் கொடுத்தேன். மே மாதம் ஒரு பிற்பகல், பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டி மாதனூர் நெருங்கும்போது புகை கக்கி நின்றது. மூன்றாவது சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால், வெள்ளைப் பீங்கானின் மேல் மிளகுப் பொடி தூவியது போல் கரும்புள்ளிகளும், இடையிடையே மினுக்கும் மிகச் சிறிய அலுமினியத் துளிகளும் இருந்தன. பிஸ்டன் உருகத் தொடங்கியதன் அடையாளம் அது. இன்ஜெக்டரை, ரெகுலேட்டரை, ஈசிஎம்மை எல்லாம் சந்தேகித்துவிட்டுக் கடைசியில்தான் பின் சீட்டைத் தூக்கி, டாங்க் மேலுள்ள பம்ப் கனெக்டரைப் பிரித்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய பிளாஸ்டிக் டிகாஷன் நிறத்துக்கு வந்திருந்தது. ஒரு பின் கருகி ஆடிக்கொண்டிருந்தது. பேட்டரியில் 13.6 வோல்ட், பம்ப் முனையில் 11.2 வோல்ட். பம்பைக் கழற்றி வைத்துச் சோதித்தபோது, 13.5 வோல்ட்டில் நிமிடத்துக்கு 1,100 மில்லி கொடுத்த அதே பம்ப் 11.2 வோல்ட்டில் 760 மில்லிதான் கொடுத்தது. வாங்கியபோது பம்ப் நல்ல பம்ப்தான். அதற்குப் போகும் கம்பியை நான் பார்க்கவில்லை. பிஸ்டன் செட்டின் விலையை என் கையிலிருந்து கொடுத்தேன்.

உங்களுக்கு எவ்வளவு பெட்ரோல் தேவை என்று இப்போது கணக்குப் போடலாம். வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ, அதன் மேல் 6 பிஎஸ்ஐ பூஸ்ட் என்றால் மேனிஃபோல்டு அழுத்தம் வெளிக்காற்றைப் போல 1.4 மடங்கு. விற்றவரின் 40 சதவீதம் அங்கிருந்து வந்ததுதான். அழுத்தம் 40 சதவீதம் கூடினால் காற்றும் 40 சதவீதம் கூடும் என்று அவர் எடுத்துக்கொண்டார். காற்று சூடாவதை விட்டுவிட்டார். ஏஎம்ஆர்500 ரூட்ஸ் வகை. அது காற்றைத் தனக்குள் நிதானமாக அழுத்துவதில்லை, அள்ளி மேனிஃபோல்டில் தள்ளுகிறது, அதனால் சூடு அதிகம். அக்னி நட்சத்திர வெயிலில் 42 டிகிரியில் உள்ளே போகும் காற்று 6 பிஎஸ்ஐ பூஸ்ட்டில் சுமார் 100 டிகிரியில் வெளியே வரும். சூடான காற்று விரிந்த காற்று. ஆகவே அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இல்லாமல் உண்மையில் கூடுவது ஏறத்தாழ 18 சதவீதக் காற்றுதான். நல்ல இன்டர்கூலர் வைத்து மேனிஃபோல்டு காற்றை 60 டிகிரி பக்கம் இறக்கினால் அது 30 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும்.

இன்டர்கூலர் வைப்பதாகவே வைத்துக்கொள்வோம். உங்கள் இன்ஜினின் 85 குதிரைத்திறன், உள்ளே எரிவதைப் பொறுத்தவரை 112 அளவுக்கு ஏறும். அதில் ஆறு ஏழு குதிரைத்திறனை சூப்பர்சார்ஜரே பெல்ட் வழியாக வாங்கிக்கொள்ளும். உங்கள் கைக்கு வருவது 105 போல. ஆனால் பெட்ரோலுக்கு இந்தக் கழித்தல் தெரியாது. பெல்ட்டுக்குப் போகும் சக்தியும் பெட்ரோல் எரித்து வந்ததுதான் என்பதால், கணக்கை 105-க்குப் போடக் கூடாது, 112-ஐச் சற்று உயர்த்தி 115-க்குப் போட வேண்டும். என்னிடம் வரும் பலர் தடுக்கி விழும் இடம் இது.

பூஸ்ட்டில் பாதுகாப்புக்காகக் கலவையைச் சற்று ரிச்சாக, அதாவது பெட்ரோல் கூடுதலாக, வைத்தால், ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 250 கிராம் பெட்ரோல் பிடிக்கும். 115 குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 29 கிலோ, அதாவது 39 லிட்டர். நிமிடத்துக்கு 650 மில்லி. நான்கு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் தலா 162 மில்லி வருகிறது. ஆனால் இன்ஜெக்டரை முழு நேரமும் திறந்தே வைக்க முடியாது. 6,000 ஆர்பிஎம்மில் ஒரு முழுச் சுற்று வேலைக்கு, அதாவது நான்கு ஸ்ட்ரோக்குக்கு, மொத்தமே 20 மில்லிவிநாடிதான் இருக்கிறது. திறக்கவும் மூடவும் ஆகும் நேரத்தை விட்டு, அதில் 16 மில்லிவிநாடிக்கு மேல் திறந்து வைக்கும்படி திட்டமிடக் கூடாது. இந்த 80 சதவீத வரம்பைச் சேர்த்தால், ஒவ்வொரு இன்ஜெக்டரும் நிமிடத்துக்கு 203 மில்லி கொடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

இதோடு இ20 பெட்ரோலையும் சேருங்கள். இப்போது நம் ஊர் பங்க்குகளில் பொதுவாகக் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோதான் தேவை. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் வரும் வேறுபாடு இது. கலப்பில் அது 13.6 பக்கம் வந்து நிற்கும். அதாவது, அதே காற்றுக்கு இ20 சுமார் 7 சதவீதம் அதிகமாக ஊற்ற வேண்டும். 2002-இல் எழுதிய ஈசிஎம் நிரலுக்கு இது தெரியாது. நிதானமாக ஓட்டும்போது சைலன்ஸர் பக்கத்து ஆக்சிஜன் சென்சார் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது ஈசிஎம் அந்தச் சென்சாரைக் கேட்பதில்லை, மனப்பாடக் கணக்கில்தான் ஓடும். பூஸ்ட் வருவதோ அப்போதுதான். 203 மில்லி இப்படி 217 ஆகிறது. நான் 240 மில்லி இன்ஜெக்டர் வாங்கச் சொல்வேன். 440 மில்லி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள்; ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது, அவ்வளவு பெரிய இன்ஜெக்டரைக் குறைந்த நேரம் திறப்பதற்குள் கலவை குளறும், சிக்னலில் வண்டி நின்று நின்று போகும். இ20-ஆல் ஒரு நன்மையும் உண்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன்: எத்தனால் நாக்கிங்கை எதிர்க்கும், ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்கவும் செய்யும். போதிய அளவு ஊற்றினால் அது உங்களுக்குத் துணைதான்.

இனி விற்றவர் சொன்ன ரெகுலேட்டர். இன்ஜெக்டர் வழியே போகும் பெட்ரோலின் அளவு, அழுத்தம் கூடும் அதே விகிதத்தில் கூடுவதில்லை. அழுத்த விகிதத்தின் வர்க்கமூலத்தில்தான் கூடும். 3 பாரை 4 பார் (ஒரு பார் சுமார் 14.5 பிஎஸ்ஐ) ஆக்கினால் பெட்ரோல் மூன்றில் ஒரு பங்கு கூடாது, 15 சதவீதம்தான் கூடும். இந்த வகை ரெகுலேட்டரில் பரவலாகக் கிடைப்பது, ஒரு பிஎஸ்ஐ பூஸ்ட்டுக்கு 6 பிஎஸ்ஐ பெட்ரோல் அழுத்தத்தைக் கூட்டுவது. உங்கள் 6 பிஎஸ்ஐ பூஸ்ட்டில், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் குழாயான ரெயிலின் அழுத்தம் 43-லிருந்து 79 பிஎஸ்ஐக்கு, அதாவது ஐந்தரை பாருக்குப் போகும். இன்ஜெக்டரின் மறுமுனையில் 6 பிஎஸ்ஐ எதிர்த்து நிற்பதைக் கழித்துப் பார்த்தால் கிடைப்பது 30 சதவீதக் கூடுதல் பெட்ரோல். உங்கள் தேவையோ, கூடிய காற்றுக்கு 32 சதவீதம், அதன் மேல் ரிச்சாக வைக்க எட்டொன்பது சதவீதம், அதற்கும் மேல் இ20. கணக்கிலேயே துண்டு விழுகிறது. அதைவிட முக்கியம், 3 பாருக்குச் செய்த இருபது வயதுப் பம்ப் ஐந்தரை பாரில் தள்ளும் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். சில பம்புகளில் உள்ளேயிருக்கும் ரிலீஃப் வால்வு திறந்து பெட்ரோலை டாங்குக்கே திருப்பி விட்டுவிடும். அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட ஓட்டம் குறைகிறது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

2 அல்லது 3 பிஎஸ்ஐ பூஸ்ட்டோடு நிறுத்திக்கொள்பவருக்கு அந்த ரெகுலேட்டர் ஒரு வழிதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்காகவா இவ்வளவு செலவு செய்வது?

ரெகுலேட்டர் பேச்சு வந்ததால் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். பானட்டைத் தூக்கி இன்ஜெக்டர் ரெயிலுக்கு வரும் பெட்ரோல் குழாய்களை எண்ணுங்கள். வருவதற்கு ஒன்று, திரும்பிப் போக ஒன்று என்று இரண்டு இருந்து, ரெயிலின் முனையில் உள்ள ரெகுலேட்டரிலிருந்து மெல்லிய ரப்பர் குழாய் மேனிஃபோல்டுக்குப் போனால், உங்கள் வேலை எளிது. பூஸ்ட் ஏறும்போது அந்த ரெகுலேட்டர் அதே அளவு பெட்ரோல் அழுத்தத்தையும் ஏற்றி, இன்ஜெக்டரின் இருபுறமும் உள்ள வித்தியாசத்தை 3 பாரிலேயே வைத்திருக்கும். ஒரே குழாய்தான் இருக்கிறது, ரெகுலேட்டர் டாங்குக்குள் இருக்கிறது என்றால், மேனிஃபோல்டில் நடப்பது அதற்குத் தெரியாது, 0.4 பார் பூஸ்ட்டில் இன்ஜெக்டர் கொடுப்பது கூடுவதற்குப் பதில் 7 சதவீதம் குறையும். அப்படியானால் ரெயிலில் புதிய ரெகுலேட்டரும், டாங்குக்குத் திரும்பும் குழாயும் போட்டே ஆக வேண்டும்.

இப்போது டாங்குக்கு வாருங்கள். இந்தச் சோதனையைத் திறந்த வெளியில், காலை வேளையில், பக்கத்தில் தீயணைப்புச் சிலிண்டரும் ஒரு வாளி மணலும் வைத்துக்கொண்டு, இன்ஜின் ஆறியபின் செய்யுங்கள். பீடி பிடிப்பவர்களைத் தெருமுனைக்கு அனுப்பிவிடுங்கள். திரும்பிப் போகும் குழாயைக் கழற்றி, அளவுக்கோடு போட்ட கேனுக்குள் விடுங்கள். ரெகுலேட்டரின் மெல்லிய குழாய் முனையில் ஒரு சைக்கிள் பம்பையும் கேஜையும் மாட்டி 6 பிஎஸ்ஐ காற்றுக் கொடுங்கள். இன்ஜினை ஓட்டாமலே ரெகுலேட்டருக்குப் பூஸ்ட் காட்டும் தந்திரம் இது. ரெயில் கேஜ் 3 பாரிலிருந்து 3.4-க்கு ஏற வேண்டும். பேட்டரிக்குச் சார்ஜர் கொடுத்து 13.5 வோல்ட் பக்கம் வைத்து, பம்பை மட்டும் சரியாக முப்பது விநாடி ஓட்டுங்கள். உங்கள் தேவை இ20-உடன் நிமிடத்துக்குச் சுமார் 695 மில்லி. அதன் மேல் 30 சதவீதம் கையிருப்பு வேண்டும். ஆகவே முப்பது விநாடியில் கேனில் 450 மில்லிக்குக் குறையாமல் விழ வேண்டும். 350 விழுந்தால் பம்ப் தேவையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. வெயில் ஏறினால் தோற்றுவிடும்.

அளவு குறைந்தால் உடனே பம்பை மாற்றாதீர்கள். முதலில் பம்ப் முனையில் மல்டிமீட்டரை வைத்து, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே வோல்ட்டைப் பாருங்கள். பேட்டரிக்கும் பம்புக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குற்றவாளி வயரிங். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் பின்னால் இழுத்து, ரிலே போட்டு, பழைய கம்பியை அந்த ரிலேயை இயக்க மட்டும் பயன்படுத்துங்கள். எர்த் கம்பியையும் அதே தடிமனில் பாடியில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் முடுக்குங்கள். எர்த்தை மறந்துவிட்டுப் பாசிட்டிவை மட்டும் மாற்றுவது நம் தொழிலின் பழைய வியாதி. அதன்பின் ஃபில்டர், டாங்குக்குள் பம்பின் வாயில் இருக்கும் வலை. இருபது ஆண்டு டாங்கில் துரு இருக்கும். எத்தனால் பழைய கசடைக் கழுவி அந்த வலைக்குத்தான் கொண்டுவந்து சேர்க்கும். இவ்வளவுக்குப் பிறகும் குறைந்தால் புதிய பம்ப்.

ரப்பர் குழாய்களை ஒன்றுவிடாமல் மாற்றுங்கள். பழைய ரப்பர் எத்தனாலில் ஊறி உப்பும், பிறகு காய்ந்து வெடிக்கும். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று மேலேயே அச்சிட்ட குழாயைக் கேட்டு வாங்குங்கள். பற்கள் ரப்பரைக் கடிக்கும் சாதாரண கிளிப் வேண்டாம், விளிம்பு மடித்த இன்ஜெக்ஷன் கிளிப் போடுங்கள். 3.4 பார் அழுத்தத்தில் ஊசித்துளை போதும், சூடான சைலன்ஸர் பைப் மேல் பெட்ரோல் பனியாய்த் தெளிக்க.

நீங்கள் ஏலகிரி போவதாக எழுதியிருப்பதால் சொல்கிறேன். அந்த மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளும் இந்த இன்ஜினுக்கு நெடுஞ்சாலையை விடக் கடினமான பரீட்சை. ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் டர்போவைப் போல் வேகம் ஏறும்வரை காத்திருக்காது. 2,000 ஆர்பிஎம்மிலேயே பூஸ்ட் கொடுக்கும். மூன்றாவது கியரில், மெதுவான இன்ஜின் வேகத்தில், முழு மிதியில் வளைவிலிருந்து மேலே ஏறும் அந்த நேரம்தான் நாக்கிங்குக்கு மிகப் பிடித்த நேரம். அதே நேரத்தில்தான் டாங்கில் இருக்கும் பெட்ரோல் ஒரு மூலைக்கு ஒதுங்கி, பம்பின் வாய் காற்றை உறிஞ்சும். அரை விநாடி பெட்ரோல் தவறினால், சாதாரண எஸ்டீம் ஒரு தடவை இருமிவிட்டுப் போய்விடும். பூஸ்ட்டில் இருக்கும் எஸ்டீம் பிஸ்டனைக் கொடுத்துவிடும். மலைக்குப் போகும்போது அரை டாங்குக்குக் குறையாமல் வைத்திருங்கள். மே மாதத்தில் சமவெளியிலும் அப்படியே: இன்ஜின் அறையைச் சுற்றித் திரும்பும் பெட்ரோல் டாங்கைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும், பெட்ரோல் குறைவாக இருந்தால் சூடு சீக்கிரம் ஏறி, பம்பின் வாயிலேயே ஆவிக்குமிழி உண்டாகும். அடிக்கடி மலையேறுவதானால், ஒன்றரை லிட்டர் பிடிக்கும் சிறு துணை டாங்க் ஒன்றை இடையில் வைத்து, அதிலிருந்து இரண்டாவது பம்ப் ரெயிலுக்குத் தள்ளும்படி செய்வது நல்லது.

இன்ஜெக்டர் வாங்கும்போது இரண்டைப் பாருங்கள். ஒன்று, மின்தடை: உங்கள் ஈசிஎம் 12 முதல் 16 ஓம் வரை உள்ள இன்ஜெக்டரை இயக்கும்படி செய்தது, 2, 3 ஓம் உள்ளதை மாட்டினால் ஈசிஎம்முக்குள் இன்ஜெக்டரை இயக்கும் டிரைவர் சுற்று எரிந்துபோகும். மற்றொன்று, நான்கும் ஒரே அளவு கொடுக்கின்றனவா என்பது. சென்னை புதுப்பேட்டையில் பழைய இன்ஜெக்டர் செட் கிடைக்கும், நானே வாங்கியிருக்கிறேன். ஆனால் வாங்கியதும் அல்ட்ராசானிக் முறையில் சுத்தம் செய்து, நான்கையும் கண்ணாடிக் குழாய்களில் ஒரே நேரத்தில் ஓடவிட்டு அளந்து பாருங்கள். இரண்டு மூன்று சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மாட்டாதீர்கள். நீங்கள் வைக்கப்போகும் கலவை மீட்டர் நான்கு சிலிண்டரின் சராசரியைத்தான் காட்டும். மூன்று சிலிண்டர் சற்று ரிச்சாகவும் ஒன்று பத்து சதவீதம் லீனாகவும் இருந்தால், மீட்டரில் எல்லாம் நலமாகவே தெரியும்.

அந்த மீட்டர், அதாவது வைட்பேண்ட் சென்சார், கட்டாயம் வேண்டும். காரோடு வந்த ஆக்சிஜன் சென்சார் கலவை சரியான அளவுக்கு மேலா கீழா என்று மட்டுமே சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. முழு பூஸ்ட்டில் மீட்டர் 11.8 (ஒரு பங்கு பெட்ரோலுக்கு அத்தனை பங்கு காற்று) பக்கம் காட்ட வேண்டும், சரியான கலவையை 1 என்று வைத்து ஒப்பிடும் லாம்டாவில் சொன்னால் 0.80. இ20 போட்டிருக்கிறோமே, எண் மாறாதா என்று கேட்பீர்கள். மாறாது, சென்சார் அளப்பது லாம்டாவை, மீட்டர் அதை 14.7-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. ஆகவே பெட்ரோல் மீட்டரில் 11.8 தெரிந்தால் இ20-க்கும் அது 0.80 தான். குழப்பம் வேண்டாம் என்றால் மீட்டரை லாம்டாவில் காட்டும்படி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

ஈசிஎம் விஷயத்தில் என் தீர்ப்பு நேரானது. மேப் சென்சாரின் சிக்னலை இடையில் மறித்துப் பொய் சொல்லும் சிறு பெட்டிகள் பெட்ரோலை ஓரளவு சமாளிக்கும்; ஆனால் பூஸ்ட் ஏறும்போது ஸ்பார்க் நேரத்தையும் பின்னுக்குத் தள்ள வேண்டும், ஒரு பிஎஸ்ஐக்கு ஒரு டிகிரி என்பது பழைய கைக்கணக்கு, அதை அந்தப் பெட்டிகளில் பல செய்வதில்லை. 2.5 பார் வரை அளக்கும் மேப் சென்சாரோடு நாமே நிரல் மாற்றக்கூடிய தனி இன்ஜின் கணினி, அதாவது ஈசியூ, ஒன்றைப் பொருத்துங்கள். மெகாஸ்குவர்ட், ஸ்பீடுயினோ போன்றவை உங்கள் இன்ஜினுக்குப் போதும். உங்கள் இன்ஜினின் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டரில் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பது, ஒன்பதுக்கும் பத்துக்கும் இடைப்பட்டது. சூப்பர்சார்ஜருக்கு அது சற்று உயரம்தான், ஸ்பார்க்கைக் கட்டுப்படுத்தாமல் பெட்ரோலை மட்டும் ஊற்றி அதைக் காப்பாற்ற முடியாது. புதிய ஈசியூவையும் இன்ஜெக்டரையும் சூப்பர்சார்ஜர் இல்லாமலே மாட்டி ஒரு மாதம் ஓட்டுங்கள். ஐடில், காலைநேர ஸ்டார்ட், ஏசி போட்டால் விழாமல் நிற்பது எல்லாம் சரியான பிறகு பெல்ட்டை மாட்டினால், அதன்பின் வரும் கோளாறு எதுவானாலும் சூப்பர்சார்ஜரால் வந்தது என்று தெரியும். இரண்டையும் ஒரே நாளில் மாட்டியவர்கள் மாதக்கணக்கில் எது எதனால் என்று தேடிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ உண்டு. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் இதைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஆர்டிஓ அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள். முழு பூஸ்ட் சோதனைகளைப் பொதுச் சாலையில் செய்யாமல், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில், அனுமதிக்கும் நாளில் செய்யுங்கள். நம் பக்கத்திலிருந்து இரண்டரை மணி நேரப் பயணம்தான்.

மாமாவின் காண்டெஸாவுக்கு இது பொருந்தாது. அந்த 1.8 லிட்டர் இசுசூ இன்ஜின் ஒரு சுற்றுக்கு விழுங்கும் காற்றுக்கு ஏஎம்ஆர்500 மிகச் சிறியது. தேவையான பூஸ்ட்டுக்கு அதைச் சுற்ற வேண்டிய வேகத்தில் பேரிங் நிற்காது. மேலும் அது கார்புரேட்டர் வண்டி. சூப்பர்சார்ஜர் கார்புரேட்டருக்குள் 6 பிஎஸ்ஐ காற்றை ஊதினால், மூன்று நான்கு பிஎஸ்ஐ மட்டுமே தரும் மெக்கானிக்கல் பம்ப் அதை எதிர்த்து ஒரு சொட்டுப் பெட்ரோலையும் ஃப்ளோட் அறைக்குள் தள்ள முடியாது. பூஸ்ட் வரும்போதெல்லாம் வண்டி பட்டினி கிடக்கும். மெயின் ஜெட்டைப் பெரிதாக்கினால் தீரும் விஷயமல்ல அது. மாமாவிடம், அந்த வண்டியைக் கம்பெனி கொடுத்தபடியே வைத்திருக்கச் சொல்லுங்கள். அதற்குத்தான் இன்று மதிப்பு.

முப்பது விநாடியில் எத்தனை மில்லி விழுந்தது, பம்ப் முனையில் எத்தனை வோல்ட் இருந்தது, ரெயிலுக்கு வரும் குழாய் ஒன்றா இரண்டா, இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்தபின் பம்ப் வாங்க வேண்டுமா என்று சொல்கிறேன்; அதுவரை இன்ஜெக்டருக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம்.